அவுரித் தாழியும் ஒரு பழைய துப்பட்டியும்



குயிலாப்பாளையத்தின் செம்மண் மேட்டிலிருந்து கிழக்கே இறங்கினால் கடல். கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். தெற்கே நம் மக்கள் திரளாக வாழும் கோட்டக்குப்பம், அதையடுத்துப் புதுச்சேரி. இந்த மேட்டில் முந்திரித் தோப்புகளின் ஓரமாக இடுப்பளவு உயரத்தில் சிறிய இலைகளோடு ஒரு செடி வளர்வதைப் பலர் பார்த்திருப்பர். பெயர் கேட்டால் சொல்பவர் சிலரே. அதுதான் அவுரி. அதன் பச்சை இலைக்குள் நீலம் ஒளிந்திருக்கிறது.

அண்மையில் நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் தாயார் குயிலாப்பாளையத்திலுள்ள தம் உறவினர் வீட்டு முற்றத்தில் ஒரு நீலத் தாழி வைத்திருந்தார். அருகிலிருக்கும் சாயப் பட்டறையொன்றில் வேலை செய்த பெண் கற்றுக் கொடுத்ததாம். நீலத்தூள், சுண்ணாம்பு, வெல்லம் மூன்றும் சேர்ந்த தாழி. அதில் தம் பாட்டியார் விட்டுச் சென்ற வெள்ளைத் துப்பட்டியை நனைக்க அவருக்கு ஆசை. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்து பழுப்பேறிவிட்ட துப்பட்டி அது. வெளுத்தும் கறை போகவில்லை. நனைக்குமுன் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. “ஹஜ்ரத், தாழியில் வெல்லம் போட்டு நுரைக்கிறது, வாடையும் வருகிறது. கள்ளும் இப்படித்தானே புளிக்கிறது? இதில் முக்கிய துணியைப் போட்டுக்கொண்டு தொழலாமா?”

கேள்வி நியாயமானது. இதற்குரிய விடையைத் தேடிப் போனபோதுதான், நாம் வாழும் இந்தக் கரையின் வரலாற்றில் நம் சமுதாயமே மறந்துவிட்ட ஒரு பகுதி நம் முன் விரிந்தது. முதலில் விடையைச் சொல்லிவிடுகிறோம்.

நம் ஊர்ப்பக்கம் பனையேறுபவர்களுக்குத் தெரிந்த செய்தி இது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். கள்ளைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் சுண்ணாம்பில் பிழைக்காது. நீலத் தாழியில் இடும் சுண்ணாம்போ பதநீர்க் கலயத்தில் தடவுவதைப் போலப் பல மடங்கு. ஆகவே அங்கே வெல்லம் மதுவாவதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து சிதைந்து, நீரிலுள்ள உயிர்வளியை ஈர்த்துக்கொள்ளும் வேலையை மட்டுமே அது செய்கிறது. வாடை வீசுவதாலேயே ஒரு பொருள் நஜீஸ் ஆகிவிடாது. இதற்கும் மேலாக, நஜீஸ் கலந்த சாயத்தில் தோய்ந்த துணியே ஆயினும், பிரியும் நீர் தெளிவாகும்வரை அலசிவிட்டால் அது தூய்மையாகிவிடும், நூலில் தங்கிய நிறம் குற்றமாகாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நூல்களிலும் காணப்படும் சட்டம். மருதாணிச் சிவப்பு கையில் இருக்க உளூ நிறைவேறுவதும் இதே அடிப்படையில்தான். நிறத்துக்குப் பருப்பொருள் இல்லை. தோலுக்கும் நீருக்கும் நடுவே அது படலமாக நிற்பதில்லை. நகப்பூச்சு அப்படியன்று என்பதை நம் பெண்மக்கள் அறிவர்.

நம் ஃபிக்ஹு நூல்களில் சாயம் இவ்வளவு நுணுக்கமாகப் பேசப்படுவது ஏன்? அந்நூல்களை இயற்றியவர்கள் சாயக்காரர்களின் தெருவில் வாழ்ந்தவர்கள். இஹ்ராம் உடையில் குங்குமப்பூச் சாயமும் வர்ஸ் என்னும் யமன் நாட்டு மஞ்சள் சாயமும் கூடாது என்ற விலக்கு, இத்தாவில் இருக்கும் பெண் சாயமிட்ட உடையைத் தவிர்க்க வேண்டும், நெய்வதற்கு முன்பே நூலில் சாயமேற்றிய யமன் துணிக்கு மட்டும் விலக்குண்டு என்ற சட்டம், குசும்பாப் பூவின் சாயம் தோய்ந்த ஆடை ஆண்களுக்கு ஆகுமா என்ற விவாதம் ஆகியன எல்லாம் அங்கே உண்டு. குசும்பா விஷயத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இசைவு தந்திருக்க, அவர்கள் வழிவந்த இமாம் பைஹகீ (ரஹ்) ஹதீஸை முன்வைத்து, இந்த ஹதீஸ் இமாமவர்களுக்கு எட்டியிருந்தால் அவர்களும் தடுத்தே இருப்பார்கள் என்று கருதினார்கள். தம் இமாமின் மீதுள்ள பற்றும் ஹதீஸின் மீதுள்ள பற்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் இதுபோன்ற பக்கங்களை மாணவர்களுக்குக் காட்டுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர்களுள் ஒருவர் அபூ நஸ்ர் இப்னுஸ் ஸப்பாஃக் (ஹிஜ்ரி 400–477). ‘அஷ்ஷாமில்’ என்னும் நூலின் ஆசிரியர். பக்தாதில் நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டபோது அங்கே முதலில் பாடம் நடத்தியவர். அவர் பெயரின் பொருள் ‘சாயக்காரரின் மகன்’. கைத்தொழிலைக் குறிக்கும் பெயரோடு அறிவின் மிக உயர்ந்த இருக்கையில் அமர்வது அந்தக் காலத்தில் வியப்பாகக் கருதப்படவில்லை. சூரத்துல் பகராவின் 138-ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் மார்க்கத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் ‘ஸிப்ஃகத்’ என்ற சொல்லும் சாயமேற்றுதலைக் குறிக்கும் இதே வேரிலிருந்து வந்தது. இன்று நம் தெருவில் ஒருவரைச் ‘சாயக்காரர் மகன்’ என்றால் அவர் முகம் சுருங்குகிறது.

இனி நம் கரைக்கு வருவோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, செங்கல் கட்டிய தொட்டிகள் சில வெளிப்பட்டன. துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகளாக அவை இருக்கலாம் என்று அவர் கருதினார். ரோமாபுரியோடு வணிகம் செய்த துறைமுகம் அது. அதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின், 1734 வாக்கில், அதே புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒருவர் துணியில் சித்திரச் சாயம் தீட்டும் முறையைக் கட்டம் கட்டமாகக் கண்டு எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியை வெட்டி இணைத்துப் பாரிஸுக்கு அனுப்பினார். அத்துண்டுகள் இன்றும் அங்கே காப்பகத்தில் இருக்கின்றன. 1742-இல் கூர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார் இதே கலையைப் பற்றி நீண்ட மடல் எழுதினார். தம் சபையில் சேர்ந்திருந்த சாயத் தொழிலாளரிடம் கேட்டுக் கேட்டு அறிந்ததாக அவரே சொல்கிறார். நம்பிச் சொன்னவர்களின் தொழில் ரகசியம் கப்பலேறிப் போயிற்று. அப்போது பிரான்சில் இந்தியச் சித்திரத் துணிக்கே தடை இருந்தது என்பது வேடிக்கை. 1686 முதல் 1759 வரை நீடித்த தடை அது. உடுத்துவது குற்றம், செய்முறையைத் திரட்டுவது மட்டும் நற்பணி.

அந்த மடல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள் நம் அடுக்களைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் உரியவை: கடுக்காய், எருமைப்பால், படிகாரம், துருப்பிடித்த இரும்பு, சாயவேர். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். கடுக்காயின் துவர்ப்பு நூலில் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, மேலே தீட்டும் காரம் பரவிவிடாமல் காக்கும். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைத் தீட்டினால் கடுக்காயோடு கூடிக் கறுப்பாகும். படிகாரம் தீட்டிய இடத்தைச் சாயவேரில் கொதிக்க வைத்தால் சிவப்பாகும். படிகாரம் படாத இடத்தில் சிவப்பு நிற்காமல் கழன்றுவிடும். துணியின் மீது நிறத்தைத் தீட்டுவதில்லை, நிறத்துக்கு வரவேற்பைத் தீட்டுகிறார்கள் என்று நாம் மாணவர்களுக்கு விளக்குவதுண்டு.

சாயவேர்ச் செடியை நம் சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்பர். இருமலில் இரத்தம் வந்தால் கொடுப்பது. தரையோடு படரும் சிறு செடி; கடற்கரை மணலில் விரும்பி வளர்வது; வேர் ஒரு நூலின் பருமன்தான் இருக்கும். வேரின் பட்டையில்தான் சிவப்பு. 1795-இல் கோரமண்டல் கரையின் செடிகளைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பர்க் வெளியிட்ட பெருநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே இதற்கு இடம் தந்தார் என்றால், கும்பெனியார் இந்தச் சிறு வேரை எவ்வளவு மதித்தனர் என்று விளங்கும். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் டச்சுக்காரர்கள் இவ்வேரைத் தோண்டும் உரிமையையே தம் கையில் வைத்திருந்தனர்.

நீலம் வேறு வகை. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். அவுரித் தழையை அறுத்துக் கட்டுக்கட்டாகத் தொட்டி நீரில் அமிழ்த்தி இரவு முழுதும் ஊற வைப்பர். மறுநாள் அந்த மஞ்சட்பச்சை நீரை அடுத்த தொட்டிக்குத் திருப்பி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கையாலும் காலாலும் மட்டையாலும் அடித்துக் கலக்குவர். காற்று உள்ளே புகப்புக நீர் நீலமாகும், நுரையும் நீலமாகும். பின் அசையாமல் விட்டால் நீலம் சேறாய் அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, கட்டிகளாக வெட்டி நிழலில் உலர்த்துவர். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் இதற்குப் பேர்போனது. இன்றும் அங்கே அவுரி விளைகிறது, தொட்டிகளில் அடிக்கவும் படுகிறது.

ஆனால் கட்டியான நீலம் தண்ணீரில் கரையாது. கரையாதது நூலுக்குள் நுழையாது. எனவே சாயக்காரர் அதிலுள்ள உயிர்வளியை நீக்கி மீண்டும் கரைய வைக்க வேண்டும். அதற்குத்தான் தாழி. நம் பக்கத்துப் பழைய முறையில் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் வண்ணார் துணி வெளுக்கும் உவர்மண்ணின் தெளிநீரும் சேர்த்து, நாட்கணக்கில் வெதுவெதுப்பாகக் காத்துப் புளிக்க வைத்தனர். தாழி பக்குவப்பட்டதா என்பதை வாடையாலும் மேலே மிதக்கும் செம்பு நிற ஏட்டாலும் அறிவர். துணியை முக்கி எடுத்தால் முதலில் பச்சை. காற்றுப் பட்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். மீண்டும் முக்கினால் இன்னும் ஆழம். அன்று அந்த முற்றத்தில் முதன்முதலாக இதைக் கண்டபோது, ‘சுப்ஹானல்லாஹ்’ என்று நம் வாயிலிருந்து வந்ததை அருகிலிருந்த குழந்தைகள் சேர்ந்து சொன்னார்கள்.

இந்தக் கரையின் துணியை ஏற்றிச் சென்ற கப்பல்களில் மரக்காயர்களின் கலங்கள் உண்டு. பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, பழவேற்காடு ஆகிய ஊர்களிலிருந்து அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் கடாரத்துக்கும் துணிப்பொதிகள் சென்றன. இன்றைக்கும் மலேசியாவில் ஜும்ஆவுக்குச் செல்லும் மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’, பழவேற்காட்டுத் துணி என்று பொருள். நம் வீடுகளில் பாளையகாட் கைலி என்று சொல்வதும் அதே ஊரின் பெயர்தான். சொந்த ஊரில் தேய்ந்த பெயர் கடல் தாண்டி நிலைத்திருக்கிறது.

இந்தப் பெருமையை நாம் விரும்பிப் பேசுகிறோம். மேடைகளிலும் பேசியிருக்கிறோம். ஆனால் புதுச்சேரி நீலத்துணியின் கதை அங்கே முடியவில்லை. அதன் மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

பிரெஞ்சுக்காரர்கள் இத்துணியைக் ‘கினே’ என்றழைத்தனர். ஏறத்தாழ 16 மீட்டர் நீளத்தில், முற்றிலும் நீலத்தில் தோய்த்த பருத்தித் துண்டு. பெயரே அது போய்ச் சேரும் இடத்தைச் சொல்லிவிடுகிறது: ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை. செனகல் ஆற்றின் இருமருங்கும் வாழ்ந்தவர்கள், வடகரைப் பாலைவனத்து மூர்களும் தென்கரைக் கருநிற மக்களுமாக, பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களுக்குப் புதுச்சேரி நீலத்தின் மீது அப்படியொரு விருப்பம். பிரான்சிலும் வேறு நாடுகளிலும் செய்த போலித் துணிகளை அதன் பளபளப்பையும் வாடையையும் வைத்தே அடையாளம் கண்டு ஒதுக்கினர். சாயம் உடுத்தியவரின் தோலில் ஏறி நீலமாகவே தங்கும்; பாலைவனத்து ‘நீல மனிதர்கள்’ என்ற பெயர் இதனால் வந்தது. அந்த நீலத் தோலோடு அவர்கள் உளூச் செய்து தொழுதார்கள். மருதாணிக்குச் சொன்ன சட்டம்தான் அங்கும்.

வேலமரத்து இனத்தின் பிசினை மூர்கள் கொண்டுவந்து கொடுக்க, பிரெஞ்சு வணிகர்கள் நீலத்துணியைக் கொடுத்தனர். செனகல் ஆற்றங்கரையில் கினே துண்டே நாணயம் போலப் புழங்கிற்று. அப்பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளுக்குச் சென்று சாயத்தைக் கெட்டிப்படுத்த உதவியது. அதாவது நம் கரையின் துணி வாங்கிக் கொடுத்த பிசினைக் கொண்டு நம் கரையின் சித்திரத் துணியை அங்கே போலி செய்தார்கள். இதுவரையில் சிரித்துக்கொண்டு படிக்கலாம்.

18-ஆம் நூற்றாண்டில் இதே கரையில் இதே போன்ற இந்தியத் துணிகளைக் கொடுத்து மனிதர்களையும் வாங்கினார்கள். அடிமை வணிகத்தில் இந்தியப் பருத்தித் துணி முதன்மையான மாற்றுப் பொருள்களுள் ஒன்று. அப்படி விற்கப்பட்டவர்களில் குர்ஆனை மனனம் செய்தவர்களும் இருந்தனர். நம் மேட்டில் விளைந்த அவுரி, நம் ஊர்த் தொட்டியில் தோய்ந்த துணி, நம் சகோதரர் ஒருவரின் விலையாக மாறியிருக்கக் கூடும். தாழியருகே நின்றவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கப்பலேற்றியவருக்குத் தெரியும்.

அங்கேயே அதை எதிர்த்தவரும் இருந்தார். செனகல் ஆற்றங்கரையிலுள்ள ஃபூத்தா தோரோவில் ஆலிம்கள் ஆட்சியை ஏற்று, 1776-இல் அப்துல் காதிர் என்பவரை இமாமாக்கினர். தம் மக்களை அடிமையாகப் பிடித்து விற்பதற்குப் பிரெஞ்சு வணிகர்களுக்கு அவர் தடை விதித்தார். அவர் நாட்டினரும் நீலத்துணியை விரும்பியவர்கள்தாம். துணி வேண்டும், இந்த விலைக்கு வேண்டாம் என்றார்கள்.

வங்காளத்துக் கதை இன்னும் அருகில் உள்ளது. அங்கே ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் முன்பணம் என்ற பெயரில் உழவரைக் கட்டிப்போட்டு, நெல் விளையும் நிலத்தில் அவுரியை விதைக்கக் கட்டாயப்படுத்தினர். ஒருமுறை வாங்கிய கடன் பிள்ளை காலத்திலும் தீராது. ஹாஜி ஷரீஅத்துல்லாஹ் தொடங்கிய ஃபராயிஜி இயக்கத்தை அவர் மகன் தூது மியான் வழிநடத்திய காலத்தில், 1846-இல் ஃபரீத்பூர்ப் பகுதியில் டன்லப் என்ற துரையின் அவுரித் தொழிற்கூடம் தாக்கி அழிக்கப்பட்டது. 1859-60-இல் முஸ்லிம் உழவரும் ஹிந்து உழவரும் ஒன்றாக நின்று ‘அவுரி விதைக்க மாட்டோம்’ என்றனர். பீகாரின் சம்பாரணில் காந்தியடிகள் நின்றது 1917-இல். தமிழகத்தில் குடியானவர்களே அவுரி விளைத்துச் சிறு தொட்டிகளில் கட்டி செய்ததால் அந்த அளவு கொடுமை இங்கே பரவவில்லை.

இவற்றையெல்லாம் ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், ‘இயற்கைச் சாயம்’ என்ற சீட்டு ஒட்டிய துணி இன்று கடைகளில் மிகுந்த விலைக்கு விற்கிறது. வாங்குவோர் அதை ஒரு வகை ‘தய்யிப்’ என்றே எண்ணி வாங்குகின்றனர். செடியிலிருந்து வந்தது என்பது அதன் பிறப்பைச் சொல்லும், நடத்தையைச் சொல்லாது. ரசாயனத்தில் தோய்த்துவிட்டு அவுரி என்று விற்றால் அது கலப்படம், மார்க்கத்தில் ‘கிஷ்’. உண்மையான அவுரியே ஆனாலும், தொட்டியில் இறங்கி அடித்தவருக்குரிய கூலி வியர்வை உலருமுன் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி இருக்கிறது.

செடிச் சாயம் வீழ்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீலம் என்ற நம் நாட்டுச் சொல் அரபியில் ‘நீல்’ ஆகி, ‘அந்நீல்’ என்று போர்த்துக்கீசியரிடம் சென்று ‘அனில்’ ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் வேதியியலார் நீலக்கட்டியிலிருந்து பிரித்த ஒரு பொருளுக்கு அதனால் ‘அனிலின்’ என்று பெயரிட்டனர். அந்த அனிலின் நிலக்கரித் தாரிலிருந்தும் கிடைத்தது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் அதைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தார். 1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் இருவரும் சிவப்புச் சாயவேர்களின் உயிர்ப்பொருளான அலிஸரினை ஆய்வகத்தில் உருவாக்கினர்; நம் சாயவேர் சந்தையிழந்தது. 1897-இல் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியது. அவுரி வயல்கள் நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் திரும்பின. நாகப்பட்டினத்தில் பொதுக்கூட்டமும் ஆர்ப்பாட்டமும் நடக்கும் அவுரித்திடலில் நின்று முழங்குவோர் அந்தப் பெயரின் பொருளை நினைப்பதில்லை. வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடுவதோடு நமக்கும் நீலத்துக்குமான உறவு முடிந்தது.

குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவில்லில் 1993-இல் ‘தி கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்ற பட்டறை தொடங்கப்பட்டு, புளிக்க வைக்கும் நீலத் தாழியை மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சுற்று வட்டாரத்தில் பலருக்கு இந்தத் தொழில் தெரிய வந்தது இத்தகைய பட்டறைகளால்தான். நம் சமுதாயப் பெண்களுக்கும் இது அன்னியமன்று. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் பெண்கள் கோரைக்குச் சாயமேற்றுவதைத் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் தொழிலாகச் செய்து வந்தவர்கள்.

வீட்டில் முயல விரும்புவோர்க்குச் சில சொற்கள். நீலத்தை விட்டுவிட்டு மஞ்சளிலிருந்து தொடங்குவது எளிது. வெங்காயத் தோல், மாதுளைத் தோல், துலுக்கச் சாமந்திப் பூ மூன்றும் நல்ல மஞ்சளும் பொன்னிறமும் தரும். (துலுக்கச் சாமந்தி மெக்சிகோவிலிருந்து வந்த பூ. வெளியிலிருந்து வந்ததற்கெல்லாம் நம் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பூவாக இருப்பதால் பொறுத்துக்கொள்வோம்.) சமையல் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், அதை நம்பிப் பெருநாள் துணியை நனைக்க வேண்டாம். 100 கிராம் பருத்தித் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூளில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு 15 முதல் 20 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து, அதன்பின் பூவோ தோலோ கொதித்த சாற்றில் ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் வைக்க வேண்டும். அந்தப் பாத்திரத்தில் மீண்டும் சமைக்கக் கூடாது. நீலத் தாழிக்கு நீலத்தூள் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரு பங்கு, வெல்லம் மூன்று பங்கு என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கையுறை வேண்டும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். நிறம் பிடிக்கக் குரோமிய உப்பைப் போடச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது நஞ்சு, கழுவி ஊற்றினால் கிணற்றுக்குப் போகும்.

தண்ணீர் என்றதும் நொய்யலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருப்பூரின் சாயக் கழிவு பல்லாண்டுகள் அந்த ஆற்றில் ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகவே மாறி, கீழுள்ள உழவர் அதைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நம் சகோதரர் பலருக்கு அந்த ஊரில் பனியன் தொழிலே வாழ்வு; மூடியபோது பட்ட துன்பமும் உண்மை. மதரஸாவில் நீரின் வகைகளைப் பாடம் நடத்தும்போது, பிறபொருள் கலந்து தண்ணீர் என்ற பெயரே நீங்கும் அளவுக்கு மாறிவிட்ட நீரால் உளூ நிறைவேறாது என்று சொல்கிறோம். எடுத்துக்காட்டாகக் கிதாபில் இருப்பது குங்குமப்பூ கலந்த ஒரு பாத்திரம் நீர். ஓர் ஆறே அந்தப் பாத்திரமாகும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அந்தத் தாயார் துப்பட்டியை மூன்று முறை முக்கினார். ஒவ்வொரு முறையும் கொடியில் விரித்துக் காற்றாட விட்டார். பாட்டியார் அதை அணிந்து எந்தெந்த வீட்டுக்குச் சென்றார் என்று உறவினரோடு பேசிக்கொண்டே இருந்தார். பழுப்புக் கறை இருந்த ஓரத்தில் மட்டும் நீலம் சற்றுக் கறுத்து விழுந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. பின் அலசத் தொடங்கினார். முதல் வாளி கருநீலம், இரண்டாவது வெளிர்நீலம். ஐந்தாவது வாளியைத் தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்து, நம்மைத் திரும்பிப் பார்த்தார். நீரில் லேசான நிறம் இருந்தது. “இன்னும் ஒரு வாளி” என்றோம்.